கொத்சு சாப்பிட்டேன், காசு கொடுக்கவில்லை

சிதம்பரத்தில் ஓர் ஓட்டலில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுக்காமல் வெளியே வந்தவள் நான். மறதியில் வரவில்லை. கையில் காசு இல்லாமலும் வரவில்லை. கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அறுபதுகளில் நடந்தது. எங்கள் வீட்டில் இப்போதும் இந்தப் பேச்சு வந்தால், "விடும்மா, அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் பேசுவாங்க" என்கிறார்கள் பிள்ளைகள். அந்தக் காலத்தில் இருந்தவள் நான். எப்படிப் பேசினார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

என் இடது கால் வலது காலைவிடக் குட்டை. சின்ன வயதில் வந்த காய்ச்சல், போகும்போது காலின் பலத்தில் பாதியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், எங்கள் தெருமுனையில் செருப்புத் தைப்பவர், இடது செருப்புக்கு மட்டும் தோலை அடுக்கடுக்காக வைத்து உயரமாகத் தைத்துக் கொடுப்பார். அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன், டீச்சர் டிரெயினிங் முடித்தேன், தேவனாம்பட்டினத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். அந்தக் கடற்கரை மணலில் அந்தச் செருப்போடு நடப்பது பெரும் பாடு. கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு போவேன்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் நாளே ஒரு பெண் குழந்தை எழுந்து நின்றது. "டீச்சர், உங்க காலு ஏன் அப்படி இருக்குது?"

"காய்ச்சல் வந்து இப்படி ஆயிடுச்சி."

"வலிக்குமா?"

"வலிக்காது."

"அப்ப சரி" என்று உட்கார்ந்துவிட்டது. அதோடு முடிந்தது. காலைப் பற்றி யாரும் வாயே திறக்கக் கூடாது என்கிற ரகம் இல்லை நான் என்பதற்காக இதைச் சொல்கிறேன். என்னிடம் கேட்டால் பதில் சொல்வேன். என்னைக் கேட்காமல் எனக்கு ஒரு பெயர் வைத்தால்தான் வம்பு.

சிதம்பரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு அங்கே ஒரு ரைஸ் மில்லில் ஆபீஸ் வேலை. கண்ணில் தடித்த கண்ணாடி. தரகர் எங்கள் அப்பாவைத் தனியாக அழைத்து, "பொண்ண ஒக்கார வெச்சே காட்டிடலாம். காப்பிய வேற யாராச்சும் கொண்டாந்து குடுக்கட்டும்" என்று யோசனை சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற யோசனை. அப்பாவும் தலையை ஆட்டிவிட்டார். நான் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறையிலிருந்து கூடத்துக்கு நடந்தேன். திரும்பிப் போனேன். யாரும் கேட்காத சர்க்கரையை எடுத்துக்கொண்டு மறுபடியும் நடந்து வந்தேன். பார்க்க வேண்டியதைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான்.

அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்குப் போய்ச் சம்மதம் என்று சொல்லி அனுப்பினார். காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் கேட்கவில்லை. அதைப் பெருந்தன்மை என்று நினைத்து நான் உருகிப் போயிருந்தேன். கேட்காமலே ஒருவர் தனக்குள் எதையாவது முடிவு கட்டி வைத்திருக்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

வடக்கு வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் வாடகைக்கு ஒரு போர்ஷன் பிடித்துக் குடித்தனம் வைத்தோம். சிதம்பரத்துக்கு மாற்றல் கேட்டு எழுதிப் போட்டுவிட்டு நான் வீட்டில் காத்திருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் மில்லிலிருந்து வந்தவர், "கெளம்பு, இன்னிக்கு ஓட்டல்ல சாப்பிடலாம்" என்றார். கல்யாணத்துக்கு முன்னால் வருஷக்கணக்கில் அவர் வயிற்றைப் பார்த்துக்கொண்ட ஓட்டல் அது. கல்யாணத்துக்குப் பிறகும் மில்லுக்குப் போகிற வழியில் அங்கே ஒரு காப்பி உண்டு. தன் பெண்டாட்டியை அங்கே அழைத்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. எனக்கும் ஆசைதான். இருப்பதில் நல்லதாகப் பார்த்துக் கிளிப்பச்சைச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

பெண்கள் உட்காருவதற்கு என்று ஒரு மூலையைப் பலகை வைத்து அடைத்து, பாதி உயரத்துக்குக் கதவு போட்டு, பேமிலி ரூம் என்று எழுதியிருந்தார்கள். உள்ளே உட்கார்ந்தால் கூடம் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். இட்லிக்குக் கத்தரிக்காய் கொத்சு ஊற்றினார்கள். எங்கள் ஓ.டி. வீட்டில் அப்படி ஒரு கொத்சு வைத்ததில்லை. இரண்டாம் முறை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டேன்.

அந்த ஓட்டலில் பில் என்று சீட்டு எழுதிக் கொடுக்கிற வழக்கம் கிடையாது. சாப்பிட்டவர் கை கழுவிவிட்டுக் கல்லாவைப் பார்த்து நடக்கும்போது, பரிமாறிய சர்வர் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். முதலில் ஆளின் அடையாளம், அப்புறம் தொகை. "கொடைக்காரரு நாப்பது" என்றால், குடை வைத்திருப்பவர் நாற்பது பைசா தர வேண்டும். முதலாளி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையை நீட்டுவார். வருகிறவர் போகிறவர் பெயரையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா. கண்ணில் முதலில் எது படுகிறதோ அதுதான் பெயர்.

பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு நாங்கள் ஒவ்வொரு குரலாகக் கேட்டோம். "வழுக்க முப்பத்தஞ்சு." "மஞ்சப்பை அறுவது." ஒருவர் கனமாக நடந்து போவது கேட்டது. "ரெட்டநாடி தொண்ணூறு" என்றார் சர்வர். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆமாம், சிரித்தேன். அதை எதற்கு மறைக்க வேண்டும். அந்த ரெட்டைநாடி திரும்பி வந்து ஏன் சிரித்தாய் என்று கேட்டிருந்தால் அவரிடம் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவர் கேட்கவில்லை.

"ஒங்கள என்னான்னு கூப்பிடுவாங்க?" என்றேன்.

"சோடாபுட்டி" என்றார், ஏதோ பட்டம் வாங்கிய பெருமையோடு.

அவர் இன்னொரு தோசை சொல்லியிருந்தார். நான் முதலில் எழுந்து கை கழுவப் போனேன். கழுவிவிட்டு, அவர் வரும்வரை வாசல் காற்றில் நிற்கலாம் என்று கல்லாப் பக்கம் நடந்தேன். நான்தான் காசு கொடுக்கப் போகிறேன் என்று நினைத்துப் பின்னாலிருந்து சர்வர் குரல் கொடுத்தார்.

"நொண்டியம்மா ரெண்டு பேரு, ஒண்ணு பத்து."

அதில் கேலி இல்லை. குடைக்காரரைச் சொன்ன அதே குரலில்தான் சொன்னார். அது எனக்கு ஆறுதலாக இல்லை, இன்னும் எரிந்தது. கேலி என்றால் ஒருவனின் கெட்ட புத்தி என்று விட்டுவிடலாம். இது அப்படி இல்லை. அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் அது சரியாகப் பட்டது. ஒருவர்கூட இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. முதலாளி கையை நீட்டினார்.

"ஒண்ணு பத்தும்மா."

"யாரு குடுக்கணும்?"

அப்போதுதான் நிமிர்ந்தார். "நீங்கதாம்மா. ரெண்டு பேரு டிபன்."

"ஒங்க ஆளு நொண்டியம்மான்னு யாரையோ கூப்பிட்டாரு. அவ வந்தா வாங்கிக்குங்க. நான் டீச்சர்."

"அது ஒரு அடையாளத்துக்குச் சொல்றதும்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

"நான் கட்டியிருக்கறது கிளிப்பச்சச் சேல. தெருக்கோடியிலேர்ந்து பாத்தாலும் தெரியும். அது அடையாளமாப் படலியா?"

சர்வர் கையில் சாம்பார் வாளியோடு அப்படியே நின்றார். அதற்குள் என் வீட்டுக்காரர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். "என்னா ஆச்சி?"

"ஒண்ணும் இல்ல. காசு குடுக்க வேணாம். வாங்க போலாம்" என்று சொல்லிவிட்டு நான் நடந்தேன்.

என் செருப்பு சிமெண்டுத் தரையில் சத்தம் போடும். இடது பக்கம் ஒரு சத்தம், வலது பக்கம் ஒரு சத்தம். இப்போது எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். நான் வேகமாகப் போகவில்லை. திருடிவிட்டு ஓடுகிறவள்தான் வேகமாகப் போக வேண்டும். காலை அழுத்தி வைத்து, சத்தம் நன்றாகக் கேட்கிற மாதிரியே நடந்து வாசலைத் தாண்டினேன். என் இடுப்புச் சுருக்குப் பையில் அந்தத் தொகைக்கு மேலேயே காசு இருந்தது.

தெருவில் நின்றேன். அவர் உடனே வரவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் எனக்குப் பயம் வந்தது. முதலாளியைப் பற்றி இல்லை, ஊரைப் பற்றியும் இல்லை. நான் கட்டிக்கொண்ட மனுஷன் எந்தப் பக்கம் நிற்பார் என்று எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் அவரோடு எப்படிக் காலம் தள்ளுவது.

வந்தார். "என்னா நீ, தெனமும் போற எடம். என்னயுந்தான் சோடாபுட்டின்னு கூப்பிடறான். நான் கோவிச்சிக்கறனா?"

"கண்ணாடியக் கழட்டி வெச்சா நீங்க சோடாபுட்டி இல்ல. நான் காலக் கழட்டி எங்க வெக்கிறது?"

கோபுரம் தாண்டித் திரும்பும்போது நான் கேட்டேன். "காசக் குடுத்துட்டீங்களா?"

"இல்ல. நீ வேணாம்னு சொன்னப்புறம் எப்படிக் குடுப்பேன்?"

எனக்கு மனசு பூரித்துப் போயிற்று. எந்தப் பக்கம் நிற்பார் என்று பயந்தேனே, என் பக்கம் நின்றுவிட்டார். அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த ஆசையை இங்கே எழுதினால் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவருக்குப் பிடித்ததையெல்லாம் பார்த்துப் பார்த்துச் சமைத்தேன். அந்தக் கொத்சுவைக்கூட நானாகவே வைத்துப் பழகினேன். காலையில் அங்கே காப்பி குடிப்பதை அவர் நிறுத்தவில்லை. தெரியாத்தனமாக அதையும் தைரியம் என்று நினைத்தேன். காசு கொடுக்காத இடத்துக்கே தினமும் போய் வருகிறாரே என்று.

ஊரில் கொஞ்சம் பேச்சு அடிபட்டது. பக்கத்துப் போர்ஷன் அம்மாள், "ஓட்டல்ல ஏதோ தகராறாமே" என்று இழுத்தாள். "தகராறு இல்ல, சாப்ட்டேன், காசு குடுக்கல" என்றேன். அவள் தன் போர்ஷனுக்குள் போய்விட்டாள்.

அப்புறம் ஒரு நாள் முற்பகலில் மார்க்கெட்டில் அந்தச் சர்வரைப் பார்த்தேன். தோளில் வாழை இலைக் கட்டு. என்னைக் கண்டதும் கட்டை இறக்கி வைத்துவிட்டு வந்தார். என்னைவிட வயதில் மூத்தவர். முகத்தில் நிஜமான சங்கடம் தெரிந்தது.

"அம்மா, அன்னிக்கு வாய் தவறிடுச்சி. மனசுல வெச்சிக்காதீங்க. ஐயாவும் அன்னிக்கே குடுத்துட்டாரு."

"எதக் குடுத்துட்டாரு?"

"டிபன் காசும்மா. நீங்க வெளிய போனதுமே கல்லாவுல வெச்சிட்டாரு. எனக்கும் தனியா நாலணா குடுத்தாரு. தங்கமான மனுஷன்."

"ஒங்களுக்கு எதுக்கு நாலணா?"

அவர் இலைக் கட்டை எடுக்கக் குனிந்தார். நான் விடவில்லை. மறுபடியும் கேட்டேன்.

"மனசுல வெச்சிக்காதப்பா, அவளுக்குக் காலு அப்படி இருக்கறதால கோவம் கொஞ்சம் ஜாஸ்தின்னு சொன்னாரும்மா."

சர்வர் பேரில் எனக்கு இருந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது. அவர் என்னை அதற்கு முன் பார்த்ததில்லை, கண்ணில் பட்டதைச் சொன்னார். என் வீட்டுக்காரர் என்னோடு வாழ்கிறவர். நான் ஏன் கோபப்பட்டேன் என்று அவரிடம் வாயால் சொல்லியிருக்கிறேன். நான் சொல்வதற்கு முன்னாலேயே உள்ளே இப்படி ஒரு காரணம் சொல்லி என்னை விலை பேசி முடித்துவிட்டு, தெருவில் வந்து நான் சொன்னதையும் கேட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறார்.

வாங்கின காய்கறிப் பையோடு நேராக அந்த ஓட்டலுக்குப் போனேன். சாப்பாட்டு நேரம் தொடங்கியிருந்தது, பாதிக் கூடம் நிறைந்திருந்தது. முதலாளி என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அன்னிக்கு எங்க வீட்டுக்காரரு ஒண்ணு பத்து குடுத்தாரா?"

"குடுத்தாரும்மா. பாக்கி ஒண்ணும் இல்ல" என்றார் மரியாதையாக.

"அதத் திருப்பிக் குடுங்க."

அவருக்குப் புரியவில்லை. நான் மறுபடியும் சொன்னேன். "நான் குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போனேன். எனக்குத் தெரியாம அவரு குடுத்திருக்காரு. அது செல்லாது. திருப்பிக் குடுங்க."

"ஏம்மா, நீங்க சாப்பிட்டது நெஜம்தான?"

"நெஜம்தான். கொத்சு நல்லா இருந்துச்சி. ரெண்டு தடவ வாங்கி ஊத்திக்கிட்டேன். பச்சச் சேலன்னு ஒரு வார்த்த கூப்பிட்டிருந்தா குடுத்துட்டுப் போயிருப்பேன்."

"சாப்ட்டுட்டுக் குடுக்காம ஓடினவன நெறைய பாத்திருக்கேன். குடுத்தத வந்து திருப்பிக் கேக்கறவங்கள இப்பதாம்மா பாக்கறேன்."

"பாத்துக்குங்க" என்றேன்.

கல்லாவுக்கு முன்னால் காசு கொடுக்க வந்தவர்கள் எனக்குப் பின்னால் சேர்ந்துவிட்டார்கள். நான் இடத்தை விட்டு அசையவில்லை. காய்கறிப் பையை மேஜை மேல் வைத்துவிட்டு நின்றேன். பின்னாலிருந்து ஒருவர், "குடுத்தனுப்புய்யா, பஸ்ஸுக்குப் போவணும்" என்றார். முதலாளி டிராயரை இழுத்துக் காசை எடுத்து மேஜையில் போட்டார். "கையில குடுங்க" என்றேன். கொடுத்தார். இதில் எனக்கு இம்மியும் வெட்கம் இல்லை. அவர் நஷ்டப்பட்டது ஒரு ரூபாய் பத்துப் பைசா. அதைவிடப் பெரிய நஷ்டத்தை அவர் கூடத்தில் வைத்து எனக்குச் செய்தார்கள், அதற்கு யாரும் கணக்குச் சொல்லவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் வந்தபோது நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். காசை அவர் கையில் வைத்தேன்.

"ஓட்டல்ல திருப்பி வாங்கிட்டு வந்தேன்."

"ஐயையோ" என்றார் மெதுவாக. பிறகு, "ஒன் நல்லதுக்குத்தான் சொன்னேன். தெனமும் போற எடத்துல எதுக்கு வம்புன்னு."

"அந்த ஆளுக்கு என்னத் தெரியாது. ஒங்களுக்குத் தெரியும். கோவத்துக்குக் காலுதான் காரணம்னு நீங்களே சொல்லிட்டீங்க. இனிமே நான் எதுக்குக் கோவப்பட்டாலும் காலுதான் பேசுதுன்னு சொல்லுவீங்க. நியாயமா ஒரு கோவம் வரக்கூட எனக்கு வழியில்லாமப் பண்ணிட்டீங்களே."

பக்கத்துப் போர்ஷனில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றுபோனது. கேட்கட்டும் என்று நான் குரலைத் தாழ்த்தவில்லை.

"நான் என்னா பண்ணணும்ங்கற?"

"ஓட்டல் காச நான் வாங்கிட்டேன். நாலணா பாக்கி இருக்குது. அத நான் கேக்க முடியாது. வார்த்தயோட சேத்து நீங்க குடுத்தது. போயி ரெண்டையும் திருப்பி வாங்கிக்கிட்டு வாங்க. அப்புறம் சோறு போடறேன்."

கல்யாணமான புதிதில், புருஷனைப் பசியோடு வாசலில் நிறுத்தி வைத்துப் பேசியவள் நான். என் அம்மா கேள்விப்பட்டிருந்தால் ரயிலேறி வந்து என்னை அடித்திருப்பாள். அவர் திரும்பி மில்லுக்குப் போய்விட்டார். நானும் சாப்பிடவில்லை. வைராக்கியம் ஒன்றும் இல்லை, சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான். சாயங்காலம் மில் விடுகிற நேரம் ஆயிற்று, அவர் வரவில்லை. துணிமணியை எடுத்துக்கொண்டு கடலூருக்குப் போய்விடலாமா என்று யோசித்தேன். பஸ் எத்தனை மணிக்கு என்றுகூட நினைத்துப் பார்த்தேன். அவர் என் பக்கம் இல்லை என்றால் நான் எதற்கு இந்த ஊரில் இருக்க வேண்டும்.

விளக்கு வைத்த பிறகு வந்தார். நான் மறுபடியும் படியில்தான் நின்றேன். வழி விடவில்லை.

"நாலணா எங்க?"

"கேட்டேன். அன்னிக்கே செலவாயிடுச்சாம்."

"சொன்ன வார்த்த?"

கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு என் முகம் சரியாகத் தெரியாது. அப்படியே நின்றுகொண்டு சொன்னார். "டிபன் நேரம், கூட்டம் ஜாஸ்தி. அந்த ஆளக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னேன். என் சம்சாரம் கோவப்பட்டதுக்குக் காலு காரணம் இல்ல, நான் சொன்னது பொய்யின்னு."

"சத்தமாவா?"

"சத்தமாத்தான். அவுங்க அமவுண்டு சொல்ற மாதிரி."

ஓட்டலில் எனக்கு அழுகை வரவில்லை, மார்க்கெட்டிலும் வரவில்லை. அப்போது வந்தது. துடைத்துக்கொண்டு, படியை விட்டு நகர்ந்து நின்றேன்.